மூச்சு விடாத போட்டோகிராபர்

இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிற ரெமிஜியஸுக்கு மூச்சை அடக்குவது தொழிலில் பாதி. தாலி கட்டுகிற நொடியில் கை ஆடினால் போச்சு, ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு இரண்டு மூக்கு இருக்கும். அதனால் பொத்தானை அமுக்குவதற்கு முன் ஒரு வாய் காற்றை இழுத்து நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். படம் விழுந்த பிறகுதான் பூட்டு திறக்கும். இதை அவர் யோசித்துச் செய்வதில்லை. கேமராவில் கண் வைத்தால் நெஞ்சு தானாகச் சாத்திக்கொள்ளும்.

தரையில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தண்ணீருக்குள் கதை வேறு. அங்கே மனிதனுடைய நுரையீரல் ஒரு பலூன். காற்றை இழுத்தால் மேலே போவான், விட்டால் கீழே வருவான். கம்மனஹள்ளிப் பக்கத்திலிருக்கும் அந்தப் பழைய நீச்சல் குளத்தில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக ரெமிஜியஸ், முதுகில் சிலிண்டரும் கையில் கேமராவுமாகப் பதினான்கடி ஆழத்துக்குப் போவதும், ஒரு படம் எடுப்பதும், வானத்தைப் பார்த்தபடி மேலே வருவதுமாக இருந்தார். குளத்தைச் சுத்தம் செய்கிற சின்னத்தாயி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு இந்த வேடிக்கையை ஒரு ஞாயிறு விடாமல் பார்த்தாள். கரையில் துண்டோடு உட்கார்ந்திருந்த கேரலிடம், "உங்க பூரி வந்துடுச்சும்மா" என்று அவ்வப்போது தகவல் சொல்வாள்.

கேரல் ரெமிஜியஸின் மனைவி. காக்ஸ் டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் எடுக்கிறாள். பெங்களூரு என்கிற மூவாயிரம் அடி மேட்டில் நின்றுகொண்டு இருபது வருடமாகக் கரும்பலகையில் நீல சாக்பீஸால் கடல் வரைந்தவளுக்குப் போன வருடம் திடீரென்று ரோஷம் வந்துவிட்டது. கடலுக்கடியில் போய்ப் பார்க்காமல் இனி ஒரு சமுத்திரமும் வரைவதில்லை என்று சொல்லி டைவிங் வகுப்பில் சேர்ந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவர்தான் ரெமிஜியஸ். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் தண்ணீரில் இறங்கியதற்குக் காரணம் கிளாரன்ஸ்.

கிளாரன்ஸ் அதே வகுப்பில் இருந்தார். சர்ச் பாட்டுக்குழுவில் கேரலோடு பாடுகிறவர், இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, தொப்பையும் கிடையாது. ஒரு மனிதனுக்கு இவ்வளவு போதாதா? போதாததற்கு, பல வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸுக்கு இதே கிளாரன்ஸ் கேரலுக்கு வாசனை தடவிய வாழ்த்து அட்டை கொடுத்திருந்தார். கொடுத்தவருக்கு அது ஞாபகமில்லை. வாங்கினவளுக்கும் ஞாபகமில்லை. ரெமிஜியஸுக்கு மட்டும் அந்த வாசனை மூக்கைவிட்டுப் போகவில்லை, மல்லிகை.

வகுப்பு எடுக்கிறவள் வைஷ்ணவி. ஓசூர்ப் பெண், இருபத்தெட்டு வயது, கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அந்தமானில் போய்க் கற்றுக்கொண்டு வந்தவள். பிப்ரவரிக் கடைசியில் எல்லோரையும் புதுச்சேரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். அங்கே கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. அதற்குள்ளே இரண்டிரண்டு பேராக நுழைந்து படம் எடுக்க வேண்டும்.

மூழ்கின கப்பலுக்குள் போவது கல்யாண மண்டபத்துக்குள் போகிற மாதிரி இல்லை என்று அவள் முதல் நாளே விளக்கினாள். கொஞ்சம் மேலே எழும்பினால் துருப்பிடித்த இரும்பு மண்டையைத் தட்டும். கொஞ்சம் கீழே இறங்கினால் வருஷக்கணக்காகப் படிந்த வண்டல் கிளம்பும். கிளம்பிவிட்டால் பத்து நிமிடத்துக்குத் தன் கை தனக்குத் தெரியாது, வந்த வழியும் தெரியாது. ஆகவே எழும்பவும் கூடாது, அமிழவும் கூடாது, நடுவில் அப்படியே நிற்க வேண்டும். நிற்பதற்குக் கை கால் உதவாது, மூச்சுதான் உதவும். சீராக இழுத்து, சீராக விட வேண்டும். மூச்சை அடக்குவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது, நுரையீரலுக்கே ஆபத்து. இதைச் சொல்லும்போது அவள் ரெமிஜியஸைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது எல்லோருக்கும் நன்றாகத் தெரிகிற மாதிரி பார்க்கவில்லை.

பரீட்சை வைப்பதற்காகக் குளத்தின் அடியிலேயே அவள் ஒரு கப்பல் கட்டியிருந்தாள். பிளாஸ்டிக் குழாய்களால் சட்டம், மேலே தார்ப்பாய்க் கூரை. உள்ளே இன்ஜின் கழற்றின ஒரு ஸ்கூட்டர், ஒரு தையல் மெஷின், கடைசியில் கதவில் கண்ணாடி பதித்த ஒரு ஸ்டீல் பீரோ. குளத்துக்குள் சேறு கொட்ட நிர்வாகம் சம்மதிக்கவில்லை. அதற்கு வைஷ்ணவி ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுடைய அக்கா ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். அங்கே தூக்கிப்போட வைத்திருந்த பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களை வாங்கிவந்து, பெயரெல்லாம் வெட்டியெறிந்துவிட்டு, நகத்தளவு துண்டுகளாக நறுக்கித் தரையெங்கும் தூவிவிட்டாள். லேசாகக் கால் பட்டால் போதும், யாருடைய முழங்காலோ, யாருடைய விலாவோ எழுந்து வந்து முகத்தைச் சுற்றும். பெயர் போனாலும் எலும்பு எலும்புதானே. சின்னத்தாயி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

விதி எளிமையானது. ஜோடியாக உள்ளே போக வேண்டும். ஸ்கூட்டர் ஹெட்லைட், தையல் மெஷின் சக்கரம், பீரோக் கண்ணாடி, மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்குள் வெளியே வர வேண்டும். எதிலும் இடிக்கக் கூடாது, எலும்பைக் கிளப்பக் கூடாது. ஒரு தப்புக்கு மன்னிப்பு உண்டு. இரண்டாவது தப்பு செய்தவர் புதுச்சேரிக்கு வரலாம், கப்பலுக்குள் போக முடியாது.

"போட்லயே உக்காந்து எல்லாரோட செருப்பையும் பாத்துக்கலாம் அங்கிள்" என்றாள் வைஷ்ணவி.

வகுப்பில் மொத்தம் ஏழு பேர். மூன்று ஜோடி போகக் கிளாரன்ஸ் மிச்சம். அவர் வைஷ்ணவியோடு போவதாக ஏற்பாடு. ரெமிஜியஸ் தேறாவிட்டால் கேரலுக்கு ஜோடி கிளாரன்ஸ். இதை வைஷ்ணவி ரயில்வே அறிவிப்பு மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். கிளாரன்ஸ்தான் ரெமிஜியஸின் தோளில் கை போட்டார்.

"கவலைப்படாத மச்சா. கேரலை நான் பாத்துக்கறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

முதல் வேலையாக ரெமிஜியஸ் இடுப்பில் கட்டுகிற ஈயக்கட்டிகளை இரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். மிதக்கிற பூரிக்குப் பாரம் வைத்தால் சரியாகிவிடும் என்பது அவருடைய விஞ்ஞானம். அன்றைக்கு அவர் மேலே வரவே இல்லை. குளத்தின் அடியில் அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்து, சுற்றிலும் ஊரார் எலும்பெல்லாம் பறக்க, ஒரு தரையோட்டின் படத்தை மிகத் துல்லியமாக எடுத்துக்கொண்டு வந்தார். வைஷ்ணவி கட்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, குறை இடுப்பில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது என்றாள்.

கேரல் வேறு யோசனை சொன்னாள். பாடுகிறவர்கள் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடுவதில்லை, விட்டுக்கொண்டேதான் பாடுகிறார்கள். "அதே மாதிரி நீயும் விட்டுக்கிட்டே அமுக்கு, ரெமி. அவ்ளோதான் விஷயம்." அவளுக்கு அவ்வளவுதான் விஷயம். தண்ணீருக்குள் அவள் தொட்டில் குழந்தை மாதிரி இருந்த இடத்தில் இருந்தாள்.

வியாழக்கிழமை பொம்மனஹள்ளியில் ஒரு கல்யாணம். அங்கேயே ஒத்திகை பார்ப்பது என்று ரெமிஜியஸ் முடிவு செய்தார். விடுகிற மூச்சு தனக்கே தெரிய வேண்டும் என்பதற்காகப் பல்லிடுக்கில் "ஸ்ஸ்ஸ்" என்று விட்டபடி அமுக்கினார். மாலை மாற்றினார்கள், ஸ்ஸ்ஸ். பாத பூஜை, ஸ்ஸ்ஸ். நாலாவது படத்தில் பெண்ணின் மாமா மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தார். ஆறாவது படத்தில் அவர் சமையற்கட்டைப் பார்த்து ஓடினார். சிலிண்டர் கசிகிறது என்று கன்னடத்தில் ஒருவர் கத்த, சமையல்காரர் அத்தனை அடுப்பையும் அணைத்தார். பாதி வெந்த சாம்பாரை அப்படியே விட்டுவிட்டு நாற்பது பேர் வாசலுக்கு வந்து நின்றார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள் மட்டும் இலையோடு வந்தார்கள். கசிவு மேடையில் நிற்பது மணப்பெண்ணுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பக்கத்திலேயே நின்றவள் ஆயிற்றே. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிற கல்யாணப்பெண் எந்த ஆல்பத்தில் கிடைப்பாள்? ரெமிஜியஸ் வளைத்து வளைத்து எடுத்தார். எடுத்து முடித்த பிறகுதான் கவனித்தார், அந்தப் படங்களில் ஒன்றுக்குக்கூட 'ஸ்ஸ்ஸ்' இல்லை. நெஞ்சு பழையபடி பூட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டீ குடிக்கும்போது இதையெல்லாம் ஒப்புக்கொண்டார். சாம்பார் வரைக்கும் வந்தபோது கேரலுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. அவள் தும்மி முடிக்கும் வரை காத்திருந்து ரெமிஜியஸ் சொன்னார்:

"சாதாப் படம்னா மூச்சு வருது கேரல். படம் நல்லா வருதுன்னு தெரிஞ்சா நின்னுடுது. நான் என்ன பண்ண?"

கேரல் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை மோசமாகவே படம் எடு என்று சொல்ல வந்து அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள் என்று ரெமிஜியஸ் நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து நேராகக் குளத்துக்கு வந்தார்கள். அன்றைக்குப் பூசையில் அவர் வேண்டிக்கொண்டது ஆண்டவருக்கே புதிதாக இருந்திருக்கும்: மூன்று சுமாரான படங்கள்.

இறங்கினார்கள். வைஷ்ணவி குழாய்ச் சட்டத்துக்கு வெளியே கூடவே நீந்தி வந்தாள். கேரல் முன்னால், ரெமிஜியஸ் பின்னால். ஸ்கூட்டர் ஹெட்லைட் வந்தது. துரு, விரிசல், ஒரு செத்த பல்பு. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் சுமார். ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு குமிழ் குமிழாக மூச்சை விட்டபடி அமுக்கினார். இம்மிகூட எழும்பவில்லை. இவ்வளவுதானா என்று தோன்றியது.

தையல் மெஷின் அப்படி இல்லை. மேலே சூரியன் ஏறியிருந்தது. தார்ப்பாயில் இருந்த ஒரு கிழிசல் வழியாக வெளிச்சம் இறங்கி, தண்ணீர் அசையும்போதெல்லாம் அந்தச் சக்கரத்தின் மேல் ஓடியது. நின்றுபோன சக்கரம் சுற்றுகிற மாதிரி இருந்தது. அடடா என்று நினைத்தார். நினைத்த அதே நொடியில் பூட்டு விழுந்துவிட்டது. கிளிக். காலண்டரில் விண்ணேறும் புனிதரைப்போல ரெமிஜியஸ் மெல்ல, கம்பீரமாக, மேலே போனார். பின்மண்டையில் தார்ப்பாய் தட்டியதும் கம்பீரம் போய்க் காலை உதைத்தார். காலில் மாட்டியிருந்த துடுப்புச் செருப்புகள் இரண்டும் தரையைத் துழாவின. பத்துப் பன்னிரண்டு பேருடைய எலும்பு ஒரே சமயத்தில் கிளம்பியது.

குழாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து வைஷ்ணவி ஒரு விரலைக் காட்டினாள். ஒரு தப்பு.

பீரோ முன்னால் வந்து நின்றபோது கண்ணாடியைச் சுற்றி எக்ஸ்ரே துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. மூச்சை விட்டபடி ஒரு படம் எடுத்துப் பார்த்தார். கேமராவில் பொருத்தியிருந்த விளக்கின் வெளிச்சம் எதிரே மிதக்கிற துண்டுகளிலேயே பட்டுத் திரும்பி, திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. கண்ணாடியே தெரியவில்லை. துண்டுகள் படியும் வரை காத்திருக்க நேரமில்லை, கடிகாரம் ஏழு நிமிடம் காட்டியது.

இந்த வெள்ளைப் புள்ளி ரெமிஜியஸுக்குப் புதிதல்ல. ஹோமப் புகைக்கு நேராக விளக்கு அடித்தால் ஐயர், பெண், மாப்பிள்ளை எல்லோரும் காணாமல் போய் வெள்ளைச் சுவர்தான் மிஞ்சும். அதற்கு மருந்து ஒன்றுதான். விளக்கைக் கேமராவிலிருந்து கழற்றி, ஒரு ஆள் பக்கவாட்டில் தள்ளி நின்று சாய்வாகப் பிடிக்க வேண்டும். மண்டபத்தில் அதற்கென்று அமல் இருக்கிறார், இவரைவிட நாலு வயது மூத்தவர். இங்கே அமலுக்கு எங்கே போவது?

கேரல் இருந்தாள். விளக்கைக் கழற்றி அவளிடம் கொடுத்தால் வேலை முடிந்தது. கை விளக்குக்குப் போகவும் செய்தது. அப்போதுதான், சாய்வாக வெளிச்சம் விழுந்தால் அந்தக் கண்ணாடி எப்படி இருக்கும் என்று அவருடைய கண் முன்கூட்டியே பார்த்துவிட்டது. கறுத்த தண்ணீருக்கு நடுவே ஒரு ஜன்னல் மாதிரி இருக்கும். மிக நல்ல படம். நல்ல படம் என்றால் அடுத்தது தார்ப்பாய், அதற்கடுத்தது செருப்புக் காவல்.

ரெமிஜியஸ் இரண்டு மூச்சு விட்டார். பிறகு கேமராவைத் தன் ஜாக்கெட்டோடு பிணைத்திருந்த கயிற்றை அவிழ்த்து, கேமராவைக் கேரலிடம் நீட்டினார்.

முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடிக்குள் அவளுடைய கண்கள் பெரிதாயின. இத்தனை வருடத்தில் அவருடைய கேமராவைத் தூசி தட்டக்கூட அவளுக்கு அனுமதி கிடைத்ததில்லை. ஒருமுறை உறையோடு நகர்த்தி வைத்ததற்கே இரண்டு நாள் பேசாமல் இருந்தவர் அவர். வாங்கலாமா என்று யோசித்துத்தான் வாங்கினாள்.

விளக்கை மட்டும் அதிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு ரெமிஜியஸ் ஒன்றரைக் கை தூரம் ஒதுங்கினார். சாய்த்துப் பிடித்தார். மிதந்த துண்டுகள் எல்லாம் இருட்டோடு இருட்டாகப் போயின, கண்ணாடி மட்டும் விழித்தது. அடடா என்று இப்போதும் நினைத்தார். நினைத்துவிட்டுப் பயந்து நெஞ்சைக் கவனித்தார். அது பாட்டுக்கு இழுத்தது, விட்டது, இழுத்தது. விரலடியில் பொத்தான் இல்லையே, பூட்டுவதற்கு அதற்கு என்ன இருக்கிறது? ஏறவில்லை, இறங்கவில்லை. தண்ணீர் அவரை நடுவில் வைத்துக்கொண்டு, ஏதோ நெடுநாள் பழக்கம் மாதிரி சும்மா இருந்தது.

சும்மா இருக்க அவருக்குத்தான் முடியவில்லை. கொஞ்சம் இடது பக்கம் என்று விளக்கை ஆட்டினார். கொஞ்சம் கீழே என்று இறக்கினார். இன்னும் கிட்டே போ என்று மினுக்கினார். தண்ணீருக்கடியில் யாராலும் பேச முடியாது என்ற இயற்கை விதியை அவர் மீறிக்கொண்டிருந்தார். கேரல் திரும்பி, ஒன்பதாம் வகுப்புக்குக் காட்டுகிற அதே உள்ளங்கையைக் காட்டினாள். விளக்கு அசையாமல் நின்றது. குமிழ்களை விட்டபடி அவள் அமுக்கினாள்.

கரையில் சிமென்ட் பெஞ்சில் லேப்டாப்பை வைத்து வைஷ்ணவி படங்களைத் திறந்தாள். ஈரத் துண்டுகளோடு எல்லோரும் சுற்றி நின்றார்கள், சின்னத்தாயியும் துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். ஹெட்லைட், சுமார். சக்கரம், பிரமாதம், ஆனால் எடுத்தவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது திறந்தபோது எல்லோரும் திரைக்குக் கிட்டே குனிந்தார்கள்.

கறுத்த தண்ணீர். நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்குள் ஒரு குண்டு மனிதர், முழங்காலை மடக்கி, பாயில் குப்புறப் படுத்த மாதிரி தட்டையாக, கையில் விளக்கோடு. வாயிலிருந்து குமிழ்கள் ஒரு சரமாக மேலே போகின்றன. தரையில் கிடந்த எலும்புகளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"யாரு இது?" என்றார் ரெமிஜியஸ்.

"நீதான், லூசு" என்றாள் கேரல்.

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். கண்ணாடியை எடுக்கச் சொன்னால் கண்ணாடிக்குள் இருப்பவரை எடுத்திருக்கிறாள். இவர் எடுத்திருந்தால் வெறும் கண்ணாடியாக இருந்திருக்கும், ஓரத்தில் துரு ரொம்ப அழகாக விழுந்திருக்கும். இது அதைவிட நல்ல படம். அந்த உண்மை முள் மாதிரி உள்ளே இறங்கியது. இறங்கி ஒரு இடத்தில் நின்றதும், முள்ளா மிட்டாயா என்று சந்தேகம் வந்துவிட்டது.

வைஷ்ணவி தீர்ப்புச் சொன்னாள். ஒரு தப்பு, மன்னிப்பு உண்டு, மூன்று படமும் இருக்கிறது, ஜோடி தேறியது. ஆனால் ஒரு நிபந்தனை. "கடல்லயும் இதே மாதிரிதான் அங்கிள். ஆன்ட்டிகிட்ட கேமரா, உங்ககிட்ட லைட். உள்ள போய் ஆசை வந்து மாத்திக்கக் கூடாது. சம்மதமா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கல்யாண மண்டபத்தில் லைட் பிடிக்கிறவருக்கு என்ன மரியாதை என்பது ரெமிஜியஸுக்குத் தெரியும். அவருக்குக் கடைசிப் பந்தி, படத்தில் பெயர் கிடையாது, புகை அத்தனையும் அவர் கண்ணுக்கு. கிளாரன்ஸ் அந்தப் பக்கம் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். தொப்பை இல்லாத வயிற்றில் தண்ணீர் நேர்கோடாக ஓடியது. கேரல் கேமராவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், திருப்பிக் கொடுக்கவும் தயாராக, கொடுக்காமலிருக்கவும் தயாராக.

"சம்மதம்" என்றார் ரெமிஜியஸ். "சாப்பாடு மட்டும் முதல் பந்தில வேணும்."

முதலில் சிரித்தது கிளாரன்ஸ்தான். சிரித்துவிட்டு ரெமிஜியஸின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அந்த மனிதரிடம் ஒரு வாசனையும் வரவில்லை, குளத்துக் குளோரினைத் தவிர.

வைஷ்ணவி புதுச்சேரிக்கான படிவத்தை நீட்டினாள். கேரல் பேனாவை வாங்கித் தன் பெயருக்கு எதிரே 'கேமரா' என்று எழுதினாள். ரெமிஜியஸ் பெயருக்கு எதிரே 'லைட்' என்று எழுதினாள். ரெமிஜியஸ் அவளிடமிருந்து பேனாவை வாங்கி, 'லைட்'டுக்கு முன்னால் பொடி எழுத்தில் 'தலைமை' என்று சேர்த்து, மை காயும்படி ஊதினார்.